மைக்ரோவேவ் அடுப்பு: சமையல் குறிப்போடு பராமரிப்புக் குறிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழுடன் வரும் மகளிர் இணைப்பில், மைக்ரோவேவ் அடுப்பில் விரைவாகச் செய்யக்கூடிய பலகாரங்கள் பற்றிய குறிப்புகள் சில வாரங்களாகத் தொடர்ந்து வெளிவருகின்றன. அவை பயனுள்ளவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தக் குறிப்பிலும், எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்பதற்கு அப்பால், அந்த அடுப்பை எப்படித் துடைப்பது, எந்தப் பிளக்கில் மாட்டுவது, எந்தப் பாத்திரத்தை அதற்குள் வைக்கவே கூடாது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. களியக்காவிளையில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். அந்த ஒரு வரி இல்லாததன் விளைவுகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் இந்த அடுப்பு வீட்டுக்குள் வந்து சேரும் வழிகளே சற்று வேறானவை. விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர் இல்லாத தெரு அரிது. அவர்கள் ஊருக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிகளில் மைக்ரோவேவ் அடுப்பும் ஒன்றாக வந்துவிடுகிறது. கல்யாண வீடுகளில் சீர்வரிசைச் சாமான்களோடு ஒன்று வருகிறது. திருவனந்தபுரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் காலிசெய்து போகிறவர்கள் விற்றுவிடும் பழைய அடுப்புகளும் பாறசாலை கடந்து இங்கே கைமாறுகின்றன. பழைய அடுப்புடன் கையேடு வருவதே இல்லை. வளைகுடாவிலிருந்து வருவதில் ஆங்கிலமும் அரபியும் இருக்கும். அதைப் பயன்படுத்தப்போகும் அடுக்களையில் இருப்பவரோ பெரும்பாலும் தமிழோ மலையாளமோ வாசிப்பவர். ஆகவே எந்தப் பொத்தானை அழுத்தினால் சூடாகும் என்பதைப் பேரப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

பழுது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும் அடுப்புகளில் பலவற்றுக்கு உண்மையான பழுதே இல்லை, அழுக்குதான் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கவில்லை என்று குறை சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது அதுவன்று. எரிவாயு அடுப்பில் சிந்திய குழம்பு அழுக்கு மட்டுமே. மைக்ரோவேவுக்குள் சிந்திக் காய்ந்த குழம்பு மறுபடியும் மறுபடியும் வேகிற ஒரு பொருள். இந்த அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் நுண்ணலைகளை உண்டாக்கி, இரும்புப் பெட்டிக்குள் எதிரொலிக்கவிட்டு, உணவில் உள்ள நீரையும் கொழுப்பையும் சூடாக்குகிறது. அந்த அலைகளுக்குத் தட்டில் இருக்கும் சோறும் தெரியாது, சுவரில் ஒட்டியிருக்கும் மசாலாவும் தெரியாது. ஒவ்வொரு முறை அடுப்பை இயக்கும்போதும் அந்தத் துணுக்கும் சூடாகிக் காய்ந்து, கருகி, கரியாகிறது. கரியானதும் அது அலைகளை முன்னிலும் அதிகமாக உறிஞ்சி, பொறி பறக்கும் அளவுக்குச் சூடேறுகிறது.

இந்தத் தொல்லை தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அடுப்பின் உட்புற வலப்பக்கச் சுவரில், உள்ளங்கை அளவில், வெளிறிய பழுப்பு நிறத்தில் அட்டைபோல ஒரு தகடு இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். புதிய அடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பொதியுடன் வந்த அட்டை என்று நினைத்து அதைப் பிய்த்து எறிந்துவிட்டவர்களும் உண்டு. அது மைக்காத் தகடு. மேக்னட்ரான் எனப்படும் குழாயிலிருந்து அலைகள் உள்ளே நுழையும் வாயிலை மூடிக்கொண்டு, எண்ணெயும் ஆவியும் அந்த வாயிலுக்குள் போகாமல் தடுப்பதே அதன் வேலை. தேங்காய் அரைத்த மீன்குழம்பை மூடாமல் சூடாக்கினால், கொதிக்கும் எண்ணெய்த் துளிகள் முதலில் போய் அமர்வது இதன்மீதுதான். நாளடைவில் அங்கே ஒரு கரும்புள்ளி விழும், புள்ளி ஓட்டையாகும், ஓட்டையின் விளிம்பில் படபடவென்று நீலப் பொறி பறக்கும். அந்த நிலையில் அடுப்பைக் கொண்டுவருபவர்களிடம், இந்தத் தகட்டை மட்டும் வெட்டி மாற்றிவிட்டால் போதும், விலையும் அதிகமில்லை என்று சொல்ல முடிகிறது. பொறி பறப்பதைப் பார்த்தும் ஒரு மாதம் ஓட்டியவர்களிடம் அப்படிச் சொல்ல முடிவதில்லை. அதற்குள் மேக்னட்ரானின் முனையே உருகியிருக்கும். தகடு இல்லாமலோ, அதன் இடத்தில் பிளாஸ்டிக் அட்டையை ஒட்டிவைத்தோ இயக்குவதைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

துடைக்கும் முறை எளிது. அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டு, உள்ளே ஒரு மரக்கரண்டியையும் நிறுத்திவைத்து, கதவுக் கண்ணாடி முழுவதும் ஆவி படியும் வரை மூன்று நான்கு நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு உடனே கதவைத் திறக்காமல் மேலும் ஐந்து நிமிடம் மூடியே வைத்திருந்தால், காய்ந்த துணுக்குகள் ஆவியில் ஊறி இளகிவிடும். அதன் பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். எலுமிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு தேக்கரண்டி வினிகர் போதும். மஞ்சள் கறை மட்டும் பிடிவாதமானது. சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால்மணி நேரம் கழித்துத் துடைத்தால் மங்கும், முழுவதும் போகாது. போகாவிட்டாலும் தீங்கில்லை என்பதால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். மல்லுக்கட்டுகிறவர்கள்தாம் இரும்பு நாரையும் கத்தி முனையையும் எடுக்கிறார்கள். உட்சுவரின் வெள்ளைப் பூச்சு சுரண்டுபட்டால் அடியில் உள்ள தகடு துருப்பிடிக்கும். தேங்காய்ப்பட்டினம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் அந்தத் துரு வேகமாகப் பரவும். துருவேறிய இடத்திலும் பொறி பறக்கும். இரும்பு நாரின் ஒரு இழை உள்ளே தங்கிவிட்டால், அடுத்த முறை அதுவே ஒளிவிட்டு எரியும்.

சுழலும் கண்ணாடித் தட்டை எடுத்துக் கழுவுகிறவர்கள்கூட அதன் அடியிலுள்ள சக்கர வளையத்தை மறந்துவிடுகிறார்கள். புட்டுத் துகளும் சோற்றுப் பருக்கையும் தேங்கி நிற்பது அங்கேதான். வளையம் தடைப்பட்டால் தட்டு தத்தித் தத்திச் சுழலும், உணவு ஒருபுறம் கொதித்து மறுபுறம் குளிர்ந்திருக்கும். அந்த நடுக்குழியில் தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது. குழிக்கு நேர்கீழே தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் இருக்கிறது. சுவரிலுள்ள துளைகளை நோக்கித் துப்புரவுத் திரவங்களைப் பீய்ச்சி அடிப்பதும் கூடாது. கிரில், கன்வெக்ஷன் வசதி உள்ள அடுப்பானால் மேல்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீன் வாடையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கதவைச் சிறிது நேரம் திறந்துவைப்பதும், ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவை இரவு முழுவதும் உள்ளே வைத்திருந்து, மறுநாள் இயக்குமுன் மறக்காமல் எடுத்துவிடுவதும் போதும். சாளைக் குழம்பைச் சூடாக்க மண்சட்டியும் விறகடுப்புமே மேல் என்பது என் சொந்தக் கருத்து. அதை இங்கே வாதாட வரவில்லை.

கதவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சமும் அலட்சியமும் இரண்டுமே அங்கேதான் குடியிருக்கின்றன. நுண்ணலை கசிந்து புற்றுநோய் வரும் என்று அஞ்சி, அடுப்பு ஓடும்போது அடுக்களையை விட்டே வெளியேறுபவர்கள் இருக்கிறார்கள். இந்த அலைகள் எக்ஸ்ரே போன்றவை அல்ல. அவற்றால் சூடாக்க முடியுமே தவிர, உணவைக் கதிரியக்கம் உடையதாக்க முடியாது. கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவே. அலையின் நீளமோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அந்தத் துளை வழியே அது வெளியேற வழியில்லை. மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசிவு இருக்கக் கூடாது என்பது பாதுகாப்புத் தரத்தின் வரம்பு; நல்ல நிலையில் உள்ள அடுப்பில் கசிவு இதற்கும் வெகுகுறைவாகவே இருக்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு கதவு சரியாகப் பொருந்துவதைச் சார்ந்தது. கதவைச் சுற்றி ரப்பர் வளையம் அடைத்து அலையைத் தடுக்கவில்லை. கதவின் விளிம்புக்குள், அலைநீளத்தின் கால் பங்கான ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அளவைக் கணக்கிட்டு அமைத்த பள்ளம் ஒன்றுதான் கசிவை முறியடிக்கிறது. விளிம்பில் எண்ணெயும் குழம்பும் படிந்து கதவு முழுவதும் பொருந்தாமல் நின்றால், கீல் தளர்ந்து கதவு சரிந்தால், கொக்கி உடைந்தால், அந்தக் கணக்குத் தவறிவிடும். திறந்த கதவின்மேல் கனமான பாத்திரத்தை வைப்பது, ஈரத்துணியைக் கதவில் தொங்கவிட்டு அதன்மேலேயே சாத்துவது ஆகிய பழக்கங்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கைபேசியை உள்ளே வைத்து மணியடிக்கிறதா என்று பார்ப்பதைக் கசிவுச் சோதனை என்று சிலர் நம்புகிறார்கள். கைபேசி மிக மெல்லிய சமிக்ஞையிலேயே இயங்கிவிடும் என்பதால், அது மணியடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது. மேலும் கதவு திறந்ததும் அலையை நிறுத்துவதற்கென்றே உள்ளே சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டதும், கம்பியை நேராக இணைத்து ஓட்டித் தரும்படி என்னிடமே கேட்டவர்கள் உண்டு. யார் கேட்டாலும் அதைச் செய்யும் மெக்கானிக்கிடம் அடுப்பைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மின் இணைப்பு. வளைகுடாவிலிருந்து வரும் அடுப்பின் கம்பி முனையில் சதுரமான மூன்று கால்கள் கொண்ட பிரிட்டன் வகைப் பிளக் இருக்கும். நம் சுவரிலுள்ள வட்டத் துளைகளில் அது நுழையாததால், சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பிளக் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். மலிவான மாற்றுப் பிளக்குகளில் பிடிமானம் தளர்வாக இருக்கும். சிலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. சாதாரண அடுப்பே ஏறத்தாழ 1200 வாட் எடுக்கிறது. கன்வெக்ஷன் வகை 2000 வாட்டையும் தாண்டும். இதை மிக்சி மாட்டுகிற 6 ஆம்பியர் துளையிலோ, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலோ மாட்டினால், பிளக் இளகி மஞ்சளாகி, ஒருநாள் கருகும். தகுதியான எலக்ட்ரீஷியனைக் கொண்டு 16 ஆம்பியர் பிளக்கை மாற்றி, எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்வதே சரி. அந்தச் சதுரக் கால் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தது, அதை வெட்டி எறியும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது என்பதையும் அவர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சவூதி அரேபியாவிலிருந்து வரும் அடுப்புக்கு இன்னொரு சிக்கல் உண்டு. துபாய், ஓமன், கத்தார் ஆகிய இடங்களில் நம் ஊரைப் போலவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதாவது நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரம். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். பின்பக்க ஒட்டுச்சீட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட வழக்கமான வகை அடுப்பு இங்கே உறுமலுடன் அளவுக்கு மீறிச் சூடாகும். சில மாதிரிகளில் கடிகாரமே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே நெடுங்காலம் வீடுகளில் 127 வோல்ட் மின்சாரமும் இருந்ததால், மிகப் பழைய அடுப்பானால் வோல்ட் அளவையும் பார்த்துவிட வேண்டும். காசு கொடுத்து, கார்கோ கட்டணமும் கொடுத்து அனுப்புவதற்கு முன்பு அந்த ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்ப்பது நல்லது. உள்நாட்டில் வாங்குகிறவர்கள், 2013 முதல் மைக்ரோவேவ் அடுப்புகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பூவேலை செய்த துணியுறையைப் போர்த்தி, அதன்மேல் பொம்மையும் பூச்சாடியும் வைத்து அழகுபார்க்கப்படும் அடுப்புகளே எங்கள் பகுதியில் அதிகம். உறை போட்டபடியே முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுச் சமைக்கிறார்கள். மேற்புறத்திலும் பக்கங்களிலும் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டால், சூடு மிஞ்சும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் உட்பாகம் அடுப்பைப் பாதியில் நிறுத்திவிடும். நிறுத்தாத நாளில் பழுதாகும். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. மழைக்காலத்தில் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லியும் கரப்பானும் அந்தத் துளைகள் வழியே உள்ளே குடிபுகும். சர்க்யூட் பலகையின்மேல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பல்லியை எடுத்துப் போடுவது என் தொழிலில் வழக்கமான வேலை. வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுத் துணுக்கும் இல்லாமல் வைத்திருந்தால் அவை வருவது குறையும். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதும் அவசியம்.

பாத்திரங்களைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். எவர்சில்வர் கூடாது என்பது பரவிவிட்டது; ஆனால் தங்கக்கரை போட்ட பீங்கான் தட்டும் அதே வகைதான் என்பது பரவவில்லை. கடையில் வாங்கிய பொரோட்டாப் பொட்டலத்தை அப்படியே உள்ளே வைப்பதுதான் இப்போதைய ஆபத்து. உள்பக்கம் வெள்ளிப்பூச்சுள்ள உறையும், அதை மூடியிருக்கும் ஸ்டேப்ளர் பின்னும் பொறி கிளப்பும். செய்தித்தாள் சுற்றியிருந்தால் தீப்பிடிக்கும். சால்னா கட்டிய மெல்லிய பாலித்தீன் பை இளகிக் குழம்போடு கலக்கும். எதுவானாலும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, ஆவி போக இடம்விட்டு மூடிச் சூடாக்க வேண்டும். அவித்த முட்டையைச் சூடாக்கினால் வெடிக்கும், சில சமயம் உள்ளே அமைதியாக இருந்துவிட்டு வாயில் வைக்கும்போது வெடிக்கும். தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் நிற்கக்கூடும். அதில் காப்பித்தூளைப் போட்டதும் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். மேலே எலுமிச்சைத் தண்ணீருக்குள் மரக்கரண்டியை நிறுத்தச் சொன்னதும் இதனால்தான். குழந்தையின் பால்புட்டியை இதில் சூடாக்க வேண்டாம். புட்டி வெளியே இளஞ்சூடாகவும் நடுப்பால் வாயைச் சுடும் அளவிலும் இருக்கும்.

உள்ளே தீப்பிடித்துவிட்டால் கதவைத் திறக்கக் கூடாது. காற்று புகாதவரை தீ தானாகவே அடங்கும். சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்காவிட்டால் 101 அல்லது 112.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளிக்கூட்டின் திருகுகளை வீட்டில் எவரும் கழற்றக் கூடாது. வீட்டில் இருக்கும் மின்சாதனங்களில் உள்ளே கைவைத்தால் உயிருக்கே ஆபத்தானவற்றில் இதுவும் ஒன்று. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். பழைய அடுப்பிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வெல்டிங் செய்யவும் மரப்பலகையை மின்சாரத்தால் கருக்கி மின்னல் வடிவில் கோலம் போடவும் காணொளிகளைப் பார்த்து முயலும் பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். இந்தக் கோலம் போடும் வேலையில் பல நாடுகளில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். பழைய அடுப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்குப் பதிலாக, மின்னணுக் கழிவு எடுப்பவரிடமோ விற்பனைக் கடையிலோ ஒப்படைப்பதே நல்லது.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. மகளிர் இணைப்பில் ஒவ்வொரு மைக்ரோவேவ் சமையல் குறிப்பின் அடியிலும், மூடிச் சூடாக்கவும், சூடு ஆறியதும் துடைக்கவும் என்ற இரண்டு வரிகளை நிரந்தரமாக அச்சிட வேண்டும். ஓர் இதழில் துடைக்கும் முறையையும் பிளக் விவரத்தையும் படத்துடன் வெளியிட வேண்டும். விற்பனையாளர்களுக்கும் ஒன்று: கையேட்டை முழுவதுமாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கதவின் உட்புறத்தில் வைத்துக் கொடுத்தாலே போதுமானது. வீட்டுக்கு அடுப்பைக் கொண்டுவந்து பொருத்தும் பையன், அது மாட்டப்படும் துளை 16 ஆம்பியரா என்று பார்த்துவிட்டுப் போகும் வழக்கத்தையும் அவர்கள் ஏற்படுத்தலாம். அந்தத் தாளின் வாசகத்தை எழுதித் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மின்சாதனம் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.